நல்ல செல்கள் ஏன் கட்டிக்குத் துணை போகின்றன?

கேள்வி: எங்களுக்கு ரிஷிவந்தியம். என் அண்ணனுக்கு 52 வயது, கரும்பு விவசாயி. மாசி மாதம் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது தோட்டத்திலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்ததும் மூளையில் கட்டி என்று சொல்லி வெளியூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்திருக்கிறது. இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள், கீமோ மாத்திரையும் போகிறது.

“கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்தாச்சு. ஆனால் சுற்றியிருக்கிற நல்ல மூளைக்குள்ளே வேர் விட்டிருக்கும், திரும்ப வரலாம்” என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். நர்சிங் படிக்கிற என் மகள், “சுத்தி இருக்கிற நல்ல செல்லே கட்டி பரவ உதவி செய்யுதாம்மா” என்கிறாள். நல்ல செல் தடுக்கத்தானே வேண்டும், எப்படி உதவி செய்யும்? மூளை வேலை செய்யச் செய்யக் கட்டி வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணி அவரைப் பேப்பர் படிக்க விடுவதில்லை, அதிகம் பேசவும் விடுவதில்லை. இது சரிதானா? கத்தி வைத்ததால்தான் பரவியது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு மார்பகப் புற்று மூளைக்குப் போய்விட்டது. அதுவும் இதுவும் ஒன்றா? தயவுசெய்து விளக்கமாகப் பதில் எழுதுங்கள்.
— ஒரு தங்கை, ரிஷிவந்தியம்

பதில்: மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் அண்ணியிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்: அவர் பேப்பர் படிக்கட்டும், வாய் நிறையப் பேசட்டும், திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் மழையைப் பற்றியும் ஆலையில் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்பதைப் பற்றியும் கேட்கட்டும். படிப்பதாலும் பேசுவதாலும் கட்டி வளராது. அண்ணியின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதில் பாதி மட்டும் காதில் விழுந்து உங்கள் வீடுவரை வந்திருக்கிறது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

கத்தி வைத்ததால் பரவியது என்பது தவறு. ஸ்கேனில் கட்டி என்று தெரிந்த நாளிலேயே அதன் செல்கள் அக்கம்பக்கத்துக்குள் நுழைந்திருக்கும். மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரிவது, ரத்தக்குழாயின் காப்பு உடைந்து மருந்து கசிந்த இடம்தான். காப்பு உடையாத பகுதியில் ஒன்றிரண்டாகப் புகுந்து கிடக்கும் கட்டிச் செல்கள் எந்தப் படத்திலும் தெரியாது. அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் அவை நல்ல மூளையாகத்தான் தெரியும்.

இதை உலகம் மிகக் கடினமான வழியில் தெரிந்துகொண்டது. 1928-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டாண்டி, கட்டியால் ஏற்கெனவே ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்ட நோயாளிகளுக்கு மூளையின் வலது அரைக்கோளம் முழுவதையுமே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோயை ஒழிக்க முடியவில்லை. பாதி மூளையை எடுத்தும் தீராத நோயை உங்கள் அண்ணனுக்கு அறுவை செய்தவர் மிச்சம் வைத்துவிட்டார் என்று நினைப்பது நியாயம் இல்லை. அவர் உங்களிடம் மறைக்காமல் சொன்னது நல்ல மருத்துவர் செய்கிற காரியம். கட்டியின் பெரும்பகுதியை எடுத்ததால் மூளைக்குள் அழுத்தம் குறைந்திருக்கிறது, மீதியைக் கரண்டும் மாத்திரையும் எதிர்கொள்ள வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

அந்த மீதிச் செல்கள் எந்த வழியாகப் போகின்றன? 1938-ல் ஹான்ஸ் யோவாகிம் ஷெரர் என்ற நோய்க்குறியியலாளர், இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்து அந்தத் தடங்களை விவரித்தார். நரம்பு செல்களைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, ரத்தக்குழாய்களின் வெளிச்சுவரை ஒட்டிக்கொண்டு, மூளையின் மேலுறைக்கு அடியில் படர்ந்து, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிற வெள்ளை நரம்புக் கற்றை வழியாக அடுத்த பக்கத்துக்குக் கடந்து என்று போகின்றன. இந்தத் தடங்கள் எல்லாமே மூளை தனக்காகப் போட்டுவைத்தவை. கட்டி புதிதாக ஒரு பாதையும் வெட்டுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு மூர்க்கமான இந்தப் புற்று, மூளையை விட்டு நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவது மிக மிக அரிது. மூளைக்குள் இவ்வளவு சுலபமாக நடமாடுகிற செல்லுக்கு வெளியே ஏன் பிழைப்பு நடப்பதில்லை? மூளைக்குள் இருக்கிற அக்கம்பக்கத்தாரிடமிருந்து அதற்கு ஏதோ கிடைக்கிறது. உங்கள் மகள் சொன்னது இதைத்தான், சரியாகவே சொல்லியிருக்கிறாள்.

மூளை என்றால் நரம்பு செல்கள் மட்டும் இல்லை. சுமார் 8,600 கோடி நரம்பு செல்களோடு, ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் துணைச் செல்களும் இருக்கின்றன. அவற்றில் மைக்ரோகிளியா என்று ஒரு வகை. ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919-ல் இவற்றைத் தனியாக அடையாளம் காட்டினார். கரு உருவாகும் ஆரம்ப நாட்களிலேயே மூளைக்குள் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்து, செத்த செல்லையும் கிருமியையும் விழுங்கிச் சுத்தம் செய்பவை இவை. கட்டி வந்தால் எதிர்க்க வேண்டியவையும் இவைதான். கட்டி முளைத்ததும் ஓடிவருகின்றன, ரத்தத்திலிருந்து இதே குணமுள்ள வேறு செல்களும் வந்து சேர்கின்றன. சில நோயாளிகளிடம் எடுத்த கட்டியைப் பரிசோதித்தால் அதில் மூன்றில் ஒரு பங்குவரை, சில சமயம் அதற்கு மேலும், இந்தக் காவல் செல்களே இருக்கின்றன. அவை புற்றுச் செல்களே அல்ல. கட்டி என்று வெட்டி எடுத்ததில் அவ்வளவு பங்கு நம்முடைய நல்ல செல்.

வந்த செல்கள் ஏன் தாக்குவதில்லை என்பதைப் பெர்லினில் ஹெல்முட் கெட்டன்மானின் குழு துருவி ஆராய்ந்தது. 2009-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான விடை அதில் இருக்கிறது. செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு வலை நிரம்பியிருக்கிறது. கட்டிச் செல் நகர வேண்டுமானால் அந்த வலையை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு எம்.எம்.பி.-2 என்ற நொதியைக் கட்டி சுரக்கிறது. ஆனால் அது வெளியே வரும்போது வேலை செய்யாத நிலையில்தான் வருகிறது. அதன் ஒரு துண்டை வேறொரு நொதி நறுக்கிவிட்டால்தான் அதற்கு உயிர் வரும். நறுக்குகிற அந்த இரண்டாவது நொதி கட்டியைச் சுற்றி நிற்கும் மைக்ரோகிளியாவின் மேல்தோலில் இருக்கிறது. நல்ல மூளையில் இருக்கும்போது மைக்ரோகிளியாவிடம் அந்த நொதி அவ்வளவாகக் கிடையாது. கட்டி விடும் சமிக்ஞை பட்ட பிறகுதான் அது பெருகுகிறது. கிருமி வந்தால் எச்சரிக்கை கொடுக்கிற ஏற்பி ஒன்று மைக்ரோகிளியாவிடம் உண்டு, அதே ஏற்பியைத் தட்டித்தான் கட்டி இந்த வேலையை வாங்குகிறது. சோதனைச்சாலையில், மைக்ரோகிளியாவை நீக்கிவிட்ட எலி மூளைத் துண்டில் கட்டிச் செல்களை வைத்துப் பார்த்தபோது அவை பரவுவது குறைந்தது.

ஆகவே நல்ல செல் கெட்டுப்போய்ப் புற்றாக மாறிவிடவில்லை. தன் கடமை என்று நினைத்தே தவறான உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது. காயம் பட்ட இடத்தில் பழைய வலையை அறுத்து, வீக்கத்தை அடக்கி, புதுத் திசு வளர இடம் கொடுக்கிற வேலை மைக்ரோகிளியாவுக்குத் தெரியும். கட்டி அந்த வேலையை முடிவில்லாமல் செய்ய வைக்கிறது. போதாததற்கு டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற பொருட்கள் சுரப்பதால் உடலின் மற்ற எதிர்ப்புச் செல்களும் அடங்கிப் போகின்றன.

ரத்தக்குழாய்களின் கதையும் இதே மாதிரிதான். மூளையின் ஒவ்வொரு நுண்குழாயையும் ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்களின் பாதங்கள் சுற்றிப் பிடித்திருக்கும். எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டிச் செல் தன் உள்ளே இருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றி, உடலைச் சுருக்கிக்கொண்டு, அந்தப் பாதத்துக்கும் குழாய்க்கும் நடுவே நுழைந்துவிடுகிறது. ஹெரால்ட் சோன்ட்ஹைமர் என்ற ஆய்வாளரின் குழு 2014-ல் எலிகளில் இதைக் காட்டியது. பாதம் விலகிய இடத்தில் குழாயின் காப்பு கசியத் தொடங்குகிறது. உங்கள் அண்ணனுக்கு ஆபரேஷனுக்கு முன் தலைவலியும் வாந்தியும் இருந்திருந்தால், கட்டியின் பருமனோடு இந்தக் கசிவால் வந்த வீக்கமும் காரணம். டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்திருப்பார்கள், அது இந்த வீக்கத்தை வடிய வைக்கத்தான்.

நம் பக்கத்திலும் இதில் முக்கியமான வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் குமரவேல் சோமசுந்தரம் குழு நெடுங்காலமாகக் கிளியோபிளாஸ்டோமாவை ஆராய்ந்து வருகிறது. கட்டிக்குள் முதிர்ந்த செல்கள் ஃபைப்ரோமாடுலின் என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தூண்டிப் புதுக் குழாய்களைக் கிளைக்க வைக்கின்றன என்று அவர்கள் 2022-ல் காட்டினார்கள். முதிர்ந்துவிட்டதால் இனி ஆபத்து குறைவு என்று கருதப்பட்ட செல்கள்கூட அக்கம்பக்கத்தைக் கட்டிக்குச் சாதகமாகத் திருப்புகின்றன என்பது இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போது அண்ணியின் பயத்துக்கு வருகிறேன். கரும்பு போடுகிற உங்களுக்குச் சுடுமல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோளத்திலும் கரும்பிலும் வேரைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகிற அந்தக் களையின் விதை பல வருடம் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். பயிரின் வேர் மண்ணில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அது பட்டால்தான் சுடுமல்லி விதை முளைக்கும், முளைத்ததும் அதே வேருக்குள் தன் உறிஞ்சியைச் செருகும். வேர் அதைக் கசியவிட்டது சுடுமல்லிக்காக அல்ல, தனக்கு உதவுகிற மண் பூஞ்சையை அழைக்க. கட்டிக்கும் நரம்பு செல்லுக்கும் நடுவே நடப்பது ஏறத்தாழ இதுதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷெல் மான்ஜே, ஹம்ஸா வெங்கடேஷ் ஆகியோர் 2015-ல் எலிகளின் மூளையில் மனிதக் கட்டிச் செல்களை வைத்து, பக்கத்து நரம்பு செல்களை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். தூண்டிய இடத்தில் கட்டிச் செல்கள் அதிகமாகப் பெருகின. நரம்பு செல்கள் வேலை செய்யும்போது நியூரோலிஜின்-3 என்ற புரதம் வெளியே உதிர்கிறது, கட்டி அதை வளர்ச்சிக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் புரதமே இல்லாத எலிகளில் அதே கட்டிச் செல்களை வைத்தபோது அவை மாதக்கணக்கில் வளராமல் கிடந்தன. இது 2017-ல் வந்த முடிவு. 2019-ல் ஸ்டான்ஃபோர்ட் குழுவும், ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வருண் வெங்கடரமணி, ஃபிராங்க் விங்க்லர், தாமஸ் கூனர் ஆகியோரின் குழுவும் இன்னும் ஒரு படி போய், நரம்பு செல்கள் கட்டிச் செல்களோடு நேரடியாகவே சந்திகளை ஏற்படுத்துவதைக் காட்டினார்கள். ஒரு நரம்பு செல் அடுத்த நரம்பு செல்லுக்குச் செய்தி கடத்தும் அதே விதமான சந்தி. குளுட்டமேட் என்ற ரசாயனம் அந்தச் சந்தியில் பாய்கிறது, அதனால் தூண்டப்பட்ட கட்டிச் செல்கள் வளர்கின்றன, நகர்கின்றன.

இந்தச் செய்திதான் கை மாறிக் கை மாறி “மூளை வேலை செய்தால் கட்டி வளரும்” என்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்தச் சோதனை நடந்த விதத்தைப் பாருங்கள். எலியின் மூளையில் குறிப்பிட்ட ஒரு சின்ன இடத்தில் இருந்த செல்களை, செயற்கையாக, ஒரே சமயத்தில் ஒளி பாய்ச்சித் துடிக்க வைத்தார்கள். மனிதர் பேப்பர் படிப்பது அப்படிப்பட்ட காரியம் அல்ல. தவிர, மூளை வாயை மூடிக்கொண்டால் ஓய்ந்துவிடும் உறுப்பும் அல்ல. உங்கள் அண்ணன் தூங்கும்போதும் அவருடைய நரம்பு செல்கள் துடித்துக்கொண்டே இருக்கும். மூச்சு விட, கை அசைக்க, சத்தம் கேட்க, கனவு காண எல்லாவற்றுக்கும் அவை வேலை செய்தே ஆக வேண்டும். படிப்பதையும் பேசுவதையும் நிறுத்திய நோயாளிக்குக் கட்டி மெதுவாக வளர்ந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பேச்சில் தடுமாற்றம் இருந்தால் அவர் இன்னும் அதிகமாகப் பேசித்தான் பழக வேண்டும். நோய் வந்த மனிதரை ஒரு மூலையில் பேசாமல் உட்கார வைத்தால் மனச்சோர்வுதான் வளரும். உங்கள் அண்ணி அன்பால்தான் செய்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பை அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவதில் செலவிடச் சொல்லுங்கள்.

வலிப்பு விஷயம் வேறு. அது சாதாரண மூளை வேலை அல்ல. கட்டிச் செல்கள் தாமாகவே குளுட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. அதனால் அக்கம்பக்கத்து நரம்பு செல்கள் எல்லை மீறித் துடிக்கின்றன, சில செத்தும் போகின்றன. தோட்டத்தில் அவர் விழுந்தது அப்படித்தான். ஆகவே வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. ஒரு மாதமாக ஃபிட்ஸ் வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. அந்த மாத்திரையே கட்டியையும் சுருக்கிவிடும் என்றும் நம்பவேண்டாம், அப்படி இதுவரை நிரூபணம் ஆகவில்லை. சந்தியில் குளுட்டமேட்டைத் தடுக்கும் பெராம்பனெல் என்ற வலிப்பு மருந்து கட்டியின் வளர்ச்சியையும் தடுக்குமா என்று ஜெர்மனியில் சோதிக்கிறார்கள். முடிவு உறுதியாகும் முன் அதைத் தேடி வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

பக்கத்துத் தெரு அக்காவின் நோய் வேறு. அண்ணனுக்கு வந்தது மூளையிலேயே பிறந்த கட்டி. அந்த அக்காவுக்கு மார்பகத்தில் பிறந்த புற்று, ரத்தத்தோடு மூளைக்குப் போயிருக்கிறது. மருந்தும் வேறு, சிகிச்சை முறையும் வேறு, ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒப்பிட வேண்டாம். ஆனால் நல்ல செல்கள் தடுக்கத்தானே வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு அந்த அக்காவின் நோயில்தான் தெளிவான விடை இருக்கிறது.

மார்பகத்திலிருந்தும் நுரையீரலிலிருந்தும் மூளைக்கு வந்து சேரும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. கொல்வது ஆஸ்ட்ரோசைட்டுகள். அவை பிளாஸ்மின் என்ற நொதியை உண்டாக்குகின்றன. அது வந்த செல்லைச் சாகடிக்கும் சமிக்ஞையைக் கிளப்பிவிடுகிறது, ரத்தக்குழாயைப் பற்றிக்கொள்ளவும் விடுவதில்லை. நியூயார்க்கில் ஹோவான் மசகேயின் குழு 2014-ல் இதை வெளியிட்டது. தப்பிப் பிழைப்பவை செர்ப்பின் என்ற தடுப்புப் பொருளைச் சுரக்கத் தெரிந்த சில செல்கள் மட்டுமே. அதே குழு 2016-ல் அடுத்த பகுதியைக் கண்டது. தப்பிய செல்கள், முன்பு தம்மைக் கொல்ல வந்த ஆஸ்ட்ரோசைட்டுகளோடு நுண்துளைகள் மூலம் இணைந்து, ஒரு சின்ன மூலக்கூறை அவற்றுக்குள் செலுத்துகின்றன. ஆஸ்ட்ரோசைட் அதை நோய்த்தொற்று என்று எடுத்துக்கொண்டு சில பொருட்களைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு புற்றுச் செல்லுக்குக் கீமோவைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறது. தடுப்பதும் உதவுவதும் ஒரே செல். நாள் போகப் போக அது பக்கம் மாறுகிறது.

அப்படியானால் மறுபடி நம் பக்கம் திருப்ப முடியுமா? கனடாவின் கால்கரி நகரில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. கட்டி இல்லாதவர்களின் மைக்ரோகிளியாவைக் கட்டியின் மூலச் செல்களோடு வளர்த்தபோது கட்டி அடங்கியது. கட்டி உள்ள நோயாளியிடமிருந்து எடுத்த மைக்ரோகிளியா அப்படி அடக்கவில்லை. ஆம்ஃபோடெரிசின்-பி என்ற பழைய பூஞ்சை மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தபோது எலிகளில் அந்தச் செல்களுக்கு எதிர்க்கும் குணம் திரும்பியது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. சோர்ந்து கிடந்த காவல் செல்லைத் திரும்ப எழுப்பலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டியைச் சுற்றியுள்ள காவல் செல்களைக் குறிவைக்கும் ஒரு வகை மருந்து 2013-ல் எலிகளில் அருமையாக வேலை செய்தது. அதே வகை மருந்தைக் கட்டி திரும்பி வந்த 37 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை. புது ரத்தக்குழாய் கிளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசியும் அப்படித்தான். 2014-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், கட்டி மீண்டும் வளர்வதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டதே தவிர ஆயுளைக் கூட்டவில்லை. ஒரு குழாயை அடைத்தால் கட்டி ஏற்கெனவே இருக்கும் இன்னொரு குழாயை ஒட்டி நகர்கிறது. ஒரு துணையைப் பிரித்தால் இன்னொரு துணையைப் பிடிக்கிறது. இந்த நோய்க்கு இவ்வளவு காலமாகத் தீர்வு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீக்கம் கடுமையாக உள்ளவர்களுக்கு அந்த ஊசி இன்றும் நிம்மதி தருகிறது. உங்கள் மருத்துவர் எழுதினால் தயங்க வேண்டாம்.

இப்போது அண்ணனுக்கு நடக்கும் சிகிச்சை 2005-ல் ரோஜர் ஸ்டுப்பின் குழு வெளியிட்ட முறையை ஒட்டியதாக இருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கரண்ட், அதோடு தினமும் டெமோசோலமைடு மாத்திரை, பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரை. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், மாத்திரையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதத்துக்கு மேல். இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக உயர்ந்தார்கள். இந்தக் கணக்கை உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இது பல நூறு பேரின் கணக்கு, உங்கள் அண்ணனின் நாட்களை எண்ணிச் சொல்கிற கணக்கு அல்ல. அவருடைய கட்டியில் எம்.ஜி.எம்.டி. மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த மரபணுப் பகுதி அடைபட்டிருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும்.

கரண்ட் ஏன் முழுமையாகக் கொல்வதில்லை என்பதிலும் அக்கம்பக்கம் வருகிறது. கட்டிச் செல்கள் நீண்ட மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றோடொன்று இணைந்து கொள்கின்றன என்று ஹைடல்பர்க் குழு 2015-ல் காட்டியது. இணைந்திருந்த செல்கள் கதிர்வீச்சைத் தாங்கின, தனித்திருந்தவை செத்தன. ஆனாலும் சொல்கிறேன், இன்று கையில் இருக்கிற ஆயுதங்களில் கரண்ட் மிக முக்கியமானது. பஸ் ஏறி இறங்கி அலைச்சலாக இருக்கிறது என்று நடுவில் நாட்களை விட்டுவிடாதீர்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு நோயைவிடப் பயணமும் தங்குமிடமும்தான் பெரும்பாலும் காரணமாகின்றன. அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி என்னென்ன கிடைக்கும் என்று கேளுங்கள். தங்க இடம் உண்டா என்று மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

கரண்ட் முடிந்து முதலில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைப் பற்றி இப்போதே சொல்லி வைக்கிறேன். சிலருக்கு அந்தப் படத்தில் கட்டி பெரிதாகிவிட்டது போலத் தெரியும். சில சமயம் அது உண்மையான வளர்ச்சி அல்ல. கதிர்வீச்சு பட்ட சுற்றுப்புறத் திசுவும் காவல் செல்களும் வீங்கிக் குழாய்கள் கசிவதால் வரும் தோற்றம். முதல் மூன்று மாதத்துக்குள் இது நடக்கக்கூடும். நல்ல செல்களின் நடவடிக்கை நம்மை ஏமாற்றுகிற இடம் இது. அதனால் ரிப்போர்ட்டில் ‘பெரிதாகியிருக்கிறது’ என்ற வரியைப் படித்துவிட்டு அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி வேறு வைத்தியம் தேடிப் போகாதீர்கள். சிகிச்சை செய்த மருத்துவரே படத்தைப் பார்க்கட்டும், தேவைப்பட்டால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்.

மாத்திரை போகும் காலத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. காய்ச்சல் வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை (டெக்ஸாமெத்தசோன்) திடீரென்று நிறுத்தாதீர்கள், சர்க்கரை அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். நாட்டு மருந்து ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கல்லீரலுக்கு இரட்டைச் சுமை ஆகிவிடும்.

அவர் வயலுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கரும்பு விவசாயி சும்மா இருக்கமாட்டார் என்று தெரியும். களைப்பு விட்டால் போகட்டும், வரப்பில் நடக்கட்டும். வண்டி மட்டும் ஓட்டக்கூடாது. கிணற்றில் இறங்கிக் குளிப்பது, மோட்டார் கொட்டகைக்குத் தனியாகப் போவது, மரம் ஏறுவது, அரிவாளோடு வெட்டில் நிற்பது இவையெல்லாம் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். எங்கே போனாலும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கட்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் 108-க்குக் கூப்பிடுங்கள்.